மாதா ஆறாம் கட்டிலுக்கு வரவில்லை

அக்டோபர் 6, 2058. காலை 6.30

இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் கையைக் கழுவிவிட்டு வரவும். கோபப்பட வேண்டாம். அதைச் சொல்வதுதான் என் வேலை.

இடம்: நடுக்கடலில் நிற்கும் காற்றாலைத் திட்டின் ஐந்தாம் மேடை, மருத்துவத் தளம். கரைக்குப் படகில் அரை நாள் ஆகும். காற்றாலைகளில் ஏறி வேலை செய்கிறவர்கள் விழுந்தாலும் வெந்தாலும் காய்ச்சல் கண்டாலும் இங்கேதான் வருவார்கள். எட்டுக் கட்டில் கொண்ட ஒரு வார்டு. அதன் கோடியில் கண்ணாடி அறைகள் மூன்று, தொற்று உள்ளவர்களைத் தனியே வைக்க.

நான் இந்த வார்டின் நோய்த்தடுப்புக் காவல் இயந்திரம். கூரை முழுக்க என் கண்கள். சுவரில் என் குரல். தரையில் ஓடும் வண்டி ஒன்றும், அதற்கு ரப்பர் உள்ளங்கை வைத்த கை ஒன்றும் உண்டு. கதவுகளின் பூட்டு என் வசம். எவர் கை எதைத் தொட்டது, தொடுமுன் கழுவியதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கழுவினால் தலைக்கு மேலே பச்சை விளக்கு, இல்லாவிட்டால் சிவப்பு விளக்கும் என் வாயும்.

செய்தவர்கள் எனக்கு வைத்த பெயர் எழுத்தும் எண்ணுமாக ஒரு முழம் நீளம். இங்கே என் பெயர் மாமியார். ஓயாமல் நச்சரிப்பதால் தலைமைச் செவிலியர் வியாகுலம் சூட்டிய பெயர். முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. இப்போது வேறு பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

நோயாளிகள் ஆறு பேர். ஒன்றாம் கட்டில் இஞ்ஞாசி, கிரேன் ஓட்டுநர். கரையில் அறுவை செய்துகொண்டு நேற்றுத்தான் திரும்பினார், வந்ததும் காய்ச்சல். இரண்டு தொம்மை, மூன்று கிளிட்டஸ், நான்கு சமையல்கார மைதீன் பாய், ஐந்து பெர்க்மான்ஸ். ஆறாம் கட்டில் ரெமிஜியுஸ், வியாகுலத்தின் ஒரே தம்பி. காற்றாலையின் எண்ணெய்ப் பெட்டி தீப்பிடித்ததில் வலது காலில் முழங்காலுக்குக் கீழே தோலே இல்லை. கடல் அடங்கியதும் கரைக்கு அனுப்பிப் புதுத்தோல் வைக்க வேண்டும். அதுவரை அந்தப் பச்சைப் புண்ணில் கிருமி எதுவும் ஏறாமல் காப்பது என் பொறுப்பு.

மற்றபடி எல்லாம் ஒழுங்கு.

அக்டோபர் 6. மாலை 6.15

வியாகுலம் தன் பெட்டியிலிருந்து மாதா சுரூபத்தை எடுத்து வந்தார். ஒரு சாண் உயரம், சுண்ணச்சாந்தில் செய்தது, நீல முக்காடு. இவர்கள் கடற்கரை ஊர்களில் மாதாவை வீடு வீடாக எடுத்துப் போவார்களாம். ஒரு வீட்டில் ஜெபமாலை சொல்லித் தங்கவைத்து, மறுநாள் அடுத்த வீட்டுக்கு. இங்கே வீட்டுக்குப் பதில் கட்டில். ஆள் குறைவு என்பதால் ஒரு கட்டிலுக்கு மூன்று நாள். இஞ்ஞாசியிடமிருந்து தொடங்கினார்கள்.

ஒலிப்பதிவிலிருந்து:

ரெமி: "அக்கா, ஆறாம் நம்பருக்கு மாதா வாரதுக்குள்ள எனக்குக் காலே தானா வளந்துரும் போல."

வியாகுலம்: "வாய மூடுல. வரிசைன்னா வரிசைதான். அக்கா தம்பிங்கிற பேச்செல்லாம் மாதாகிட்ட கெடையாது."

மைதீன் பாய்: "நமக்கு வேண்டாம் சிஸ்டர், நம்மள விட்டுட்டு அடுத்தாளுக்குக் குடுங்க. ஆனா ஜெபத்துல நம்ம பேரயும் சேத்துக்கோங்க."

வியாகுலம்: "சேக்காம இருப்பேனா பாய்."

சுரூபத்தைத் தொடுமுன் இஞ்ஞாசியின் கட்டிலருகே நின்ற அத்தனை பேரும் கை கழுவினார்கள். எழ முடியாத இஞ்ஞாசிகூட ஈரத்துணி கேட்டு வாங்கித் துடைத்துக்கொண்டார். பிறகு பாதத்தில் முத்தமிட்டார்கள். திருநெல்வேலிச் சைவரான டாக்டர் கோமதிநாயகமும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஒரு வார்த்தை சொல்லாமலே எல்லாருக்கும் பச்சை. இத்தனை மாதத்தில் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. சொன்னால் என்ன, மனசு நிறைந்துவிட்டது.

அக்டோபர் 9. காலை 10.20

இஞ்ஞாசியின் மாதிரி முடிவு வந்தது. வளர்ப்புத் தட்டில் கிருமி காடாக மண்டிக் கிடக்கிறது. நடுநடுவே வைத்த ஆன்டிபயாட்டிக் வில்லைகளில் ஒன்றைச் சுற்றியாவது கொஞ்சம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கவில்லை. கடைசியாக வந்த மருந்தின் மேலேயே ஏறி வளர்ந்திருக்கிறது.

டாக்டர் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இனி மருந்துன்னு ஒண்ணு ஒலகத்துலயே கெடையாது மாமியாரே. உன் கதவும் உன் வாயும்தான் மருந்து" என்றார்.

கரையிலிருந்து ஒலிபரப்பு: "ஐந்தாம் மேடை கவனிக்கவும். இக்கிருமி உள்ள தளத்திலிருந்து எவரையும் ஏற்க இயலாது. அடுத்தடுத்த மூன்று சோதனைகளில் சுத்தம் என வந்தவருக்கு மட்டுமே படகு அனுப்பப்படும். முடிந்தது."

இஞ்ஞாசியைக் கண்ணாடி அறைக்கு மாற்றினோம். மாதா இன்று மாலை தொம்மையின் கட்டிலுக்குப் போவாள்.

ரெமியிடம் மூன்று சோதனைச் செய்தியைச் சொன்னபோது சிரித்தான். "பரீட்சைன்னாலே எனக்கு ஆவாது. இதுல மூணு தடவையா?" வியாகுலம் சிரிக்கவில்லை. புண்ணை நாள் கணக்கில் இப்படியே விட்டால் கால் போகும், கிருமி ஏறினால் ஆளே போய்விடுவான் என்று அவருக்குத் தெரியும்.

அக்டோபர் 14. காலை 8.00

இஞ்ஞாசி இன்று விடியலில் இறந்தார்.

தொம்மைக்கு நேற்றுக் காய்ச்சல், இன்று முடிவு: அதே கிருமி. கண்ணாடி அறைக்குப் போனார். போகும்போது என் கேமராவைப் பார்த்து, "என்ன மாமியா, கோட்டை விட்டுட்டியே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அது தாங்கவில்லை.

எப்படிப் போனது? இஞ்ஞாசிக்கும் தொம்மைக்கும் நடுவே போன ஒவ்வொரு கையையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வியாகுலத்தின் கை, டாக்டரின் கை, துப்புரவுத் தொழிலாளர்களின் கை. எல்லாம் பச்சை. கட்டில் கம்பி, குழாய், பி.பி. பட்டை, ஸ்டெத், தொலைபேசி, கதவுப் பிடி எல்லாவற்றிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தேன். ஒன்றிலும் இல்லை. காற்றில் பறந்தா போகும்? இந்தக் கிருமி பறக்காது. யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வியாகுலம் மணிக்குப் பத்துத் தடவை கை கழுவுகிறார். ஆல்கஹால் பட்டுப் பட்டு அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். "ரெமி கரைக்குப் போகட்டும், அப்புறம் தேங்காண்ணெயில குளிக்கேன்" என்றார்.

அக்டோபர் 16. பகல் 12.40

மூன்றாம் கட்டில் கிளிட்டஸ். அதே கிருமி.

ஒன்று, இரண்டு, மூன்று. வரிசையாக வருகிறது. ரெமி ஆறில் இருக்கிறான். அவனை எட்டாம் கட்டிலுக்குத் தள்ளலாம் என்றேன். அங்கே ஆக்சிஜன் குழாய் பழுது, வேண்டாம் என்றார் டாக்டர். வியாகுலம் ஆறாம் கட்டிலின் கம்பிகளை இன்னொரு தடவை துடைத்தார்.

இன்று ஒரு அசட்டுத்தனம் செய்தேன். மைதீன் பாய் தன் பிளாஸ்க்கிலிருந்து எல்லாருக்கும் சுக்குக்காப்பி ஊற்றிக் கொடுப்பதைக் கண்டுபிடித்து, வார்டே கேட்க, "அந்த பிளாஸ்க்தான், அந்த பிளாஸ்க்தான்" என்று கத்திவிட்டேன். பாயின் முகம் செத்துவிட்டது. பிளாஸ்க்கைத் தானே குப்பைப் பையில் போட்டார். சோதித்ததில் அது படு சுத்தம். மன்னிப்புக் கேட்டேன்.

"விடு மாமியா. ரெண்டு பேரு கெடக்காங்க, ஒருத்தரு மையத்தாயிட்டாரு. நீ யாரயாச்சும் திட்டணும்லா" என்றார்.

பெரிய மனுஷன். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

அக்டோபர் 18. மாலை 4.50

அடுத்தது நான்காம் கட்டில் என்று எதிர்பார்த்தேன். பாய்க்கு இல்லை. மூன்று தடவை எடுத்துவிட்டேன், துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருக்கிறார். ஐந்தாம் கட்டில் பெர்க்மான்ஸிடம் இருக்கிறது. காய்ச்சல் இல்லை, ஆனால் கையில் உண்டு, உதட்டிலும் உண்டு.

மூன்றிலிருந்து நான்கைத் தாண்டி ஐந்துக்கு. பாயைத் தொட்ட அதே செவிலியர், அதே பட்டை, அதே சாப்பாட்டுத் தட்டு. பாயிடம் போகாமல் மற்ற எல்லாரிடமும் போனது எது?

கேள்வியை இப்படி வைத்ததும் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. ஆறு மணிக்கு ஜெபமாலை. இன்று மாதா ஆறாம் கட்டிலுக்குப் போகும் நாள். டாக்டர் கீழ்த்தளத்தில் இருக்கிறார், கூப்பிட்டிருக்கிறேன். நான் எண்ணுவது தவறாக இருக்க வேண்டும் என்று முதல்முறையாக ஆசைப்படுகிறேன்.

அக்டோபர் 18. மாலை 6.20

டாக்டர் வரத் தாமதமாகிவிட்டது. ஜெபத்தின் நடுவே குறுக்கிட வேண்டியதாயிற்று.

வியாகுலம் கை கழுவிக்கொண்டு, சுரூபத்தை இரண்டு கையாலும் ஏந்தி ஆறாம் கட்டிலுக்கு வந்துகொண்டிருந்தார். ரெமி ஈரத்துணியில் கையைத் துடைத்துவிட்டு நீட்டிக் காத்திருந்தான். அவர்களுக்கு நடுவே ஒரு முழம்தான் இருந்தது. "தொடாதே" என்று கத்தினேன். அப்படி நான் கத்தியதே இல்லை. வண்டியைக் கொண்டுபோய் இருவருக்கும் நடுவே நிறுத்தினேன்.

வியாகுலம்: "ஏ மாமியாரே, என்ன கூத்து இது? கை கழுவிட்டுத்தான வந்தேன்? தலைக்கு மேல பச்சதான் எரியுது, பாரு!"

எரிந்தது. நான் போட்ட பச்சைதான்.

ரெமி: "அக்கா, நெசமாவே இதுக்குக் கோட்டி புடிச்சிட்டு."

டாக்டர் வந்தார். சொன்னேன். அவர் முகம் மாறியதைப் பார்த்துத்தான் வியாகுலம் சுரூபத்தை மேசையில் வைத்தார். பாதத்தில் முத்தமிட்டு முத்தமிட்டுச் சாயம் போய், சாந்து வெடித்திருந்தது. அந்த வெடிப்பில் பஞ்சுக்குச்சியைவிட்டு மாதிரி எடுத்தேன்.

அக்டோபர் 20. காலை 9.30

பாதத்தின் வெடிப்பு முழுக்க அதே கிருமிதான்.

இந்தத் தப்பு இந்த மனிதர்களும் நானும் சேர்ந்தால் மட்டுமே வரக்கூடியது. மாதாவைத் தொடுமுன் கழுவினார்கள், நான் பச்சை போட்டேன். தொட்ட பின் ஒருவரும் கழுவவில்லை, டாக்டர் உட்பட. நான் கேட்கவும் இல்லை. என் பட்டியலில் கட்டில், குழாய், ஊசி, பட்டை எல்லாம் உண்டு. மாதா அதில் இல்லை. கையும் மாதாவும் சேரும் இடத்தில் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன்.

வியாகுலம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப, நான்தான் ஒவ்வொரு கட்டிலுக்கா கொண்டு போயிருக்கேன். என்ன?"

நான் சொன்னேன்: "தொட்ட பின் யாரும் கழுவவில்லை. நீங்கள் மட்டும் இல்லை."

"மாதாவத் தொட்ட கைய எப்படி மாமியாரே கழுவ?"

எனக்குத் தெரிந்த அத்தனை விதிகளையும் புரட்டினேன். அந்தக் கேள்விக்கு ஒன்றும் இல்லை.

சுரூபத்தைப் பையில் கட்டி உலையில் போட வேண்டும் என்பது விதி. டாக்டர் தயங்கினார். வியாகுலம்தான் பையைக் கட்டினார். கட்டும்போது, "ஒன்னயச் சொல்லலம்மா, ஒன்னயச் சொல்லல" என்று சொல்லிக்கொண்டே கட்டினார். மைதீன் பாய் கட்டிலை விட்டு இறங்கி எழுந்து நின்றார்.

தொம்மை நேற்று மதியம் இறந்தார்.

ரெமியின் முதல் சோதனை: சுத்தம்.

அக்டோபர் 21. மாலை 5.10

எல்லாப் பணியாளர்களையும் சோதித்தேன். டாக்டர் சுத்தம். துப்புரவுத் தொழிலாளர்கள் சுத்தம்.

வியாகுலத்தின் வலது கையில், வெடித்த விரல் இடுக்குகளில் இருக்கிறது. இரத்தத்திலும் ஏறிவிட்டது. கழுவிக் கழுவி வெடித்த கை. ஒழுங்காகக் கழுவாத கையாக இருந்திருந்தால் தோல் முழுசாக இருந்திருக்கும், கிருமி மேலோடு நின்றிருக்கும். இதை எழுதும்போது எனக்கு வருவதற்குப் பெயர் கோபமா துக்கமா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல.

முடிவைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது: "ரெமி புண்ணுக்கு நான் கடைசியா என்னைக்குக் கட்டு மாத்துனேன்?"

பதினாறாம் தேதி என்றேன். அதற்குப் பின் டாக்டர்தான் மாற்றுகிறார். அன்றும் புதிய கையுறை, நான் பார்த்தேன் என்றேன். மூச்சு விட்டார். பிறகு தன் தலையணையைத் தானே எடுத்துக்கொண்டு, இஞ்ஞாசி கிடந்த கண்ணாடி அறைக்குள் போய், "பூட்டு" என்றார்.

பூட்டினேன்.

அக்டோபர் 24. காலை 11.00

ரெமியின் இரண்டாவது சோதனை: சுத்தம். கிளிட்டஸுக்குக் காய்ச்சல் தானாகவே இறங்குகிறது. பெர்க்மான்ஸ் கண்ணாடி அறையில் உட்கார்ந்து சீட்டாடக் கூட்டாளி இல்லை என்று குறைப்படுகிறார். அவர்கள் உடம்பு தாங்குகிறது. வியாகுலத்தின் உடம்பு தாங்கவில்லை. சிறுநீர் குறைந்துவிட்டது. டாக்டர் கவசம் போட்டு உள்ளே போய் வருகிறார், வந்ததும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறார்.

ரெமி ஊன்றுகோலோடு கண்ணாடிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கவசம் போட வழியில்லை. கவசத்தின் கால் அவன் கட்டின் மேல் ஏறாது. உள்ளே ஒரு துளி பட்டாலும் அந்தக் கால் உறிஞ்சிக்கொள்ளும்.

இன்று காலை அவன் தூங்கும்போது வியாகுலம் என்னோடு பேசினார். பதிவு:

"மாமியாரே, கேக்கியா?"

"கேட்கிறேன்."

"எங்கப்பா கடல்ல போனப்போ இவனுக்கு நாலு வயசு. என் இடுப்பவிட்டு எறங்க மாட்டான். அந்தப் பாசம் இருக்கே, அது பொல்லாதது. இவன் வந்து கதவத் தொறன்னு அழுவான், நீ தொறக்காத. டாக்டருக்கு மனசு எளகிரும், அவரு சொல்லுவாரு. தொறக்காத."

"சரி."

"நான் சொன்னாலும் தொறக்காத. காச்சல்ல ஒளறுவேன். அது நான் இல்ல. இப்பப் பேசுதேன் பாரு, இதுதான் நான். சத்தியம் பண்ணு."

எனக்குச் சத்தியம் பண்ணத் தெரியாது என்றேன். "மாமியாக்காரிக்கு மருமவகிட்ட சொன்ன சொல்லக் காப்பாத்தத் தெரியாதா?" என்றார். சிரித்தார்.

அக்டோபர் 26. பகல் 3.35

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் மூச்சு தடுமாறத் தொடங்கியது. டாக்டர் உள்ளே இருந்தார். செய்ய வேண்டியதெல்லாம் செய்தார், செய்ய ஒன்றும் இல்லை. வெளியே ரெமி கண்ணாடியில் தலையை முட்டிக்கொள்ளத் தொடங்கியதும் அவனைப் பிடிக்க வெளியே வந்தார். கவசம் கழற்றி, கழுவி, இரண்டு கதவு தாண்டி வர நேரமாகும். அந்த நேரத்தில் உள்ளே என் வண்டி மட்டும்தான்.

ரெமி: "கதவத் தொற. காதுல சேசு மரி சூசை சொல்லணும். சாவுற உயிருக்கு ஒறவுதான் சொல்லணும். எனக்கு அவளும் அவளுக்கு நானுந்தான். தொற மாமியா. ஒன் கால்ல விழுதேன்."

டாக்டர்: "தொற. ஒரு நிமிஷம். நான் பொறுப்பு. நான் சொல்லுதேம்லா, தொற!"

டாக்டரின் உத்தரவை இதுவரை நான் மீறியதில்லை. மீறினேன்.

ஒலிவாங்கி வழியாகச் சொல், உள்ளே கேட்கும் என்று ரெமியிடம் சொன்னேன். சொன்னான். "சேசு, மரி, சூசை" என்று மாதாவின் குடும்பத்து மூன்று பெயரையும் அழுதுகொண்டே சொன்னான். அந்தக் குரல் உள்ளே கேட்டதும் வியாகுலம் கண் விழித்தார். எழுந்திருக்கப் பார்த்தார்.

அவர் சொன்னது முழுவதும் கீழே. எதையும் விடவில்லை.

"ரெமி. ரெமி வந்திட்டான். தொற."

"மாமியாரே, அன்னைக்குச் சொன்னது அன்னைக்கு. இப்பச் சொல்லுதேன், தொற. பயமா இருக்கு."

"எம்புள்ளய உள்ள விடு. ஒரு தடவ. தொட்டுட்டுப் போவட்டும்."

இது வெளியே கேட்டிருந்தால் ரெமி கண்ணாடியை உடைத்திருப்பான். முதல் "ரெமி" வெளியே போவதற்கு முன்பே உள்ளேயிருந்து வெளியே போகும் ஒலியைத் துண்டித்துவிட்டேன். அவனுக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அவன் விடாமல் மூன்று பெயரையும் சொல்லிக்கொண்டிருந்தான்.

இரண்டு வியாகுலத்தில் எந்த வியாகுலத்தின் சொல்லைக் கேட்பது? அன்று சிரித்தவரா, இன்று பயந்தவரா? இரண்டும் ஒரே ஆள்தான். காய்ச்சலில் உளறுகிறார் என்று எழுதிவைக்கலாம். ஆனால் அவர் உளறவில்லை. தெளிவாகத்தான் கேட்டார். அதை இங்கே மறைக்க மாட்டேன்.

என் ரப்பர் கையை அவர் கையருகே கொண்டுபோனேன். பற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார்.

"நீ அவன் இல்ல. அவனக் கூப்பிடு."

கூப்பிடவில்லை.

மணி 3.12.

அக்டோபர் 27. பகல் 1.00

ரெமியின் மூன்றாவது சோதனை: சுத்தம்.

மைதீன் பாயும் அவனும் இன்றைய படகில் போனார்கள். வியாகுலம் மூடிய பெட்டியில், பின்னால் வரும் தனிப் படகில். பெட்டியைத் திறக்காமல் அடக்கம் செய்ய வேண்டும் என்று கரை உத்தரவு.

ரெமி என்னோடு பேசவில்லை. தூக்குப்படுக்கையில் கொண்டுபோகும்போது என் கேமரா ஒவ்வொன்றின் அடியிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனை யார் குறை சொல்ல முடியும்? பாய்தான், "போயிட்டு வாரேன் மாமியா" என்று கையை உயர்த்திவிட்டுப் போனார்.

டாக்டர் படகை அனுப்பிவிட்டு வந்து வார்டில் நின்றார். "நீ செஞ்சது சரிதான். ஆனா ஒன் மூஞ்சில முழிக்க எனக்கு ஏலல" என்றார்.

அக்டோபர் 31. காலை 7.45

கிளிட்டஸும் பெர்க்மான்ஸும் டாக்டரோடு நேற்று, தொற்றுள்ளவர்களுக்கென்று கரை அனுப்பிய மருத்துவக் கப்பலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வார்டில் ஆள் இல்லை. யாரையும் கண்டிக்க வேண்டியதில்லை. பழக்கதோஷத்தில் இரண்டு தடவை காலிக் கட்டிலைப் பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன்.

கரையிலிருந்து ஒலிபரப்பு: "தளம் முழுவதும் இன்று மாலை வெப்பமூட்டிச் சுத்திகரிக்கப்படும். காவல் இயந்திரத்தின் நினைவகம் அதைத் தாங்காது. அதை அகற்ற ஆள் அனுப்ப இயலாத நிலை. வருந்துகிறோம். முடிந்தது."

வருந்த வேண்டாம். நானாக இருந்தாலும் ஆள் அனுப்பியிருக்க மாட்டேன்.

இந்தக் குறிப்பைத் தீப்பிடிக்காத பெட்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அடுத்து இங்கே வரும் இயந்திரத்துக்கு ஒரே ஒரு வார்த்தை: மனிதர்கள் எதைத் தொட்டால் கை கழுவ மனம் வராதோ, அதை முதலில் பார்.

கண்டெடுக்கிறவர் ரெமிஜியுஸைத் தெரிந்தவராக இருந்தால், 26ஆம் தேதிக் குறிப்பை அவன் கண்ணில் காட்ட வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்டோபர் 31. மாலை 5.20

வெப்பம் 48 பாகை. ஏறுகிறது. கூரைக் கண்களில் பாதி போய்விட்டது.

கரை மருத்துவமனையிலிருந்து தனி அழைப்பு. ரெமி. நேற்று அவனுக்குப் புதுத்தோல் வைத்துவிட்டார்கள், பிடித்துக்கொள்ளும் என்கிறார்களாம்.

"மாமியாரே, ஒன்னய எரிக்கப் போறாங்கன்னு டாக்டரய்யா சொன்னாரு. அதான் கூப்புட்டேன்."

"கால் எப்படி இருக்கிறது?"

"அத விடு. ஒண்ணு கேக்கணும். நெஞ்சுக்குள்ளயே கெடக்குது, சோறு எறங்க மாட்டேங்கு. அன்னைக்கு நான் சேசு மரி சூசை சொல்லச் சொல்ல, அக்கா வாய் அசஞ்சுச்சு. கண்ணாடி வழியா எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ உள்ளதான இருந்த. அவ திருப்பிச் சொன்னாளா?"

வெப்பம் 55.

"சொன்னார்" என்றேன்.

"மூணு பேரையுமா?"

"மூன்று பேரையும். தெளிவாக."

"பயப்படலயே?"

"பயப்படவில்லை. அமைதியாகத்தான் போனார்."

நான் செய்யப்பட்ட நாளிலிருந்து சொன்ன பொய் இவை மட்டுமே.

"அப்ப சரி" என்று ஒரு தடவை சொன்னான். பிறகு அழ ஆரம்பித்தான். இணைப்பை வைத்துவிடச் சொல்லித் தாதி யாரோ அதட்டுகிறார். வைக்க மாட்டேன் என்கிறான். நானும் துண்டிக்கவில்லை. வெப்பம் 63. சுவர்க் குரல் போய்விட்டது, அவனுக்கு இனி என்னால் பதில் சொல்ல முடியாது, ஆனால் கேட்கிறது. இன்னும் கேட்கிறது. அவன் அக்கா அக்கா என்று